இடது முன்சக்கரத்தின் சத்தக் கணக்கு

அன்பு மகன் சாமுவுக்கு, ஆம்பூரிலிருந்து உன் அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலேயே ஜெபித்துவிட்டேன். ஆகையால் சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். இதைப் பாதியில் வைக்க முடியாது. பாதியில் வைத்துத்தான் இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. கவரை நான் ஒட்டவில்லை. உன் அறையில் இருக்கிற பையன்கள் படித்தாலும் படிக்கட்டும், மெர்சியும் படிக்கட்டும். கட்டிக்கொள்ளப் போகிறவள் மாமியாரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இதில் எழுதியிருப்பது நம் தெருவுக்கும், அன்வர் பாய் ஒர்க்‌ஷாப்புக்கும், அதற்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கும் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. தெரியாதவன் நீ ஒருவன்தான்.

விஷயம் நம் வெள்ளைக் காரைப் பற்றியது. போன மாதம் நீ சொன்னாய்: "கல்யாணத்துக்கு வேலூர்ல கார் புக் பண்ணிட்டேம்மா. அவரு கார்ல நான் ஏற மாட்டேன்." அவரு கார். நம்ம கார் என்றுகூட உன் வாயில் வரவில்லை. அதை நான் அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மெதுவாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் சத்தமாகச் சொல்வதுதான் இந்த வீட்டில் என் ஊழியம். "சரி, அவன் இஷ்டம்" என்றார். பிறகு வெளியே போய், மகன் ஏறமாட்டேன் என்ற அந்தக் காரை ஒரு மணி நேரம் துடைத்தார். காது இப்படி ஆனபிறகு இனிமேல் ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்து, கல்யாணத்தன்று சாவியை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவதைத்தான் நீங்கள் இருவரும் விட்டுவிட்டீர்களே. "அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று நீயும், "அவனை ஃபேனை ஆஃப் பண்ணச் சொல்லு" என்று அவரும், ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என்னைத் தபால்காரியாக்கி வைத்திருக்கிறீர்கள்.

போன ஞாயிறு கோயிலில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். சபை ஐயர் உன் பெயரையும், வாலாஜாப்பேட்டை மெர்சியின் பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார். எல்லாருடைய ஓலைக்கும் சொல்வதுதான். எத்தனையோ வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு, மத்தியானக் குழம்பைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் என்னைப் பார்த்தே கேட்டது மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் இடது பக்கம் "டொக்" என்றது. பக்கத்தில் இருந்த டீச்சரம்மா, "இன்னா, தண்ணி வேணுமா?" என்று காதில் கேட்டார்கள். தண்ணீரால் தீருகிற தாகமா அது? கல்யாணத்துக்குத் தடை ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை தன் அப்பாவின் காரில் ஏறாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பள்ளத்தில் காரை இறக்கியது நீ இல்லை. நான்.

இதைப் படித்ததும் கோபம் வரும். வரட்டும். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று உனக்கே தெரியாது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு கற்ற எல்லாவற்றையும் நானாகத்தான் கற்றேன். இங்கிலீஷ் உன் புத்தகங்களைப் பார்த்து, தையல் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கு வழியாக, கார் செல்போனைப் பார்த்து. சமையலறைத் தரையில் மூன்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று காலால் பழகினேன். கையில் கரண்டிதான் கியர். குழம்பு கொதி வரும்போது நான் மூன்றாவது கியரில் இருப்பேன், "கரண்டியை வெச்சுக்கிட்டு இன்னா பண்றே?" என்று அப்பா ஒருநாள் கேட்டார், "கிளர்றேன்" என்றேன். அது பொய் இல்லை. பிறகு அவர் ஷூ ஃபேக்டரிக்குப் போயிருக்கும் மத்தியானங்களில் கோயில் மைதானத்தில் வட்டம் அடிக்க ஆரம்பித்தேன். கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் தாத்தா மட்டும் சாட்சி. அவர் நான் வருவதைப் பார்த்ததும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

நீ லீவில் வந்திருந்த அந்த மழைக்காலம். திருப்பத்தூரில் ஒரு நண்பன் கல்யாணம் என்று பைக்கில் போயிருந்தாய். மைதானத்தில் அன்று பன்னிரண்டு வட்டம், ஒருதடவைகூட இன்ஜின் நிற்கவில்லை. பெருமை தலைக்கேறிவிட்டது. அரைக் கிலோ தக்காளி வாங்க வேண்டியிருந்தது; நடந்து போனால் ஐந்து நிமிஷம். காரில் போனேன். லைசென்ஸ் கிடையாது, யாரிடமும் சொல்லவும் இல்லை. திரும்பி வரும் வழியில் ரோட்டு ஓரம் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் பள்ளம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இடது முன்சக்கரம் உள்ளே போன சத்தத்தில் தக்காளி எல்லாம் சீட்டுக்கடியில் உருண்டுவிட்டது. சக்கரத்தின் மூடி கழன்று தண்ணீரில் மிதந்தது. இறங்கி எடுத்து முந்தானையில் துடைத்து, வீட்டுக்கு வந்து, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற தகரப் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். அதன் பிறகு இரண்டு டிசம்பரிலும் நட்சத்திரத்தை எடுக்கும்போது அந்த மூடி என்னைப் பார்த்தது. நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.

மறுநாள் நீ வேலூர் வரைக்கும் காரை எடுத்துப்போய்த் திரும்பி வந்து, யோக்கியமாக, "அப்பா, முன்னாடி லெஃப்ட்ல ஏதோ டொக் டொக்குன்னு வருது" என்றாய். நீ சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. தோல் வெட்டும் பிரஸ் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவருக்கு "டொக்" என்பது சத்தமே இல்லை, அது அவருக்கு மௌனம். ஆனால் சக்கரத்தின் மூடி இல்லாததைக் கண் பார்த்துவிட்டது.

"மூடி எங்கடா?"

"தெரிலப்பா. நான் எடுக்கறப்பவே இல்ல."

"அப்போ கார் தானா போய் பள்ளத்துல குதிச்சுட்டு, வீட்டுக்கு வந்து நின்னுக்கிச்சா?"

"நான் எதுலயும் இடிக்கலப்பா."

"உனக்கு லைசென்ஸ் குடுத்தான் பாரு, அவனைச் சொல்லணும். பண்ணதைப் பண்ணேன்னு சொல்ற தைரியம் இல்லாதவனுக்கு எதுக்குடா காரு?"

உள்ளே நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வேண்டியது நாலு பல். நீங்கள் பேசி முடிப்பதற்குள் வீட்டில் இருந்த பூண்டு முழுவதையும் உரித்துவிட்டேன். அவர் காபி குடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். குடித்தார். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டார். மறுநாள் காலை நீ சாப்பிடாமலே ரயிலுக்குப் போய்விட்டாய். அந்தப் பூண்டை ஊறுகாய் போட்டு உனக்கு அனுப்பினேன், நினைவிருக்கிறதா? "சூப்பர்மா" என்று நீ மெசேஜ் போட்டாய். அந்த ஊறுகாயை நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

உண்மையைச் சொல்லத் துணியாதவள் வேறு என்ன செய்வாள்? நோட்டுப் போட்டேன். வீட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து "சத்தக் கணக்கு" என்று தலைப்பு எழுதிக் கட்டம் போட்டேன். எந்த இடம், என்ன வேகம், நேராகவா திருப்பத்திலா, பிரேக் பிடித்தபோதா விட்டபோதா. அப்பாவோடு எங்கே போனாலும் மடியில் நோட்டு. அவர் நான் ஜெபக்குறிப்பு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அந்த நோட்டிலிருந்து நான் கண்டுபிடித்ததைக் கேள்: முழு ரோட்டுக்கும் குறுக்கே போட்ட ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் சத்தம் வராது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் லொடலொட என்று வரும். அது ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் ஒரு "டொக்", விட்டால் ஒரு "டொக்". அது வேறு சத்தம், கனமான சத்தம். நோய் ஒன்றல்ல, இரண்டு. அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார். இல்லாத சத்தத்துக்கு மகனைத் திட்டலாம், இல்லாத சத்தத்துக்கு ஒர்க்‌ஷாப் போகக் கூடாது. அவர் நியாயம் அது.

போன வருஷம் ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். அன்வர் பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, லிங்க் ராடு என்று ஒரு முழ நீளக் கம்பியைக் காட்டினார். முன்பக்கம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி போகிறது. அதைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிப்பது இது. அதன் நுனியில் இருக்கும் ரப்பர் போய்விட்டது, புதுசு போடணும் என்றார். அப்பா அந்த ரப்பரைக் கையில் வாங்கி, ஏதோ எதிரி ஊர்ச் சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரப்பரா? இதுக்கா? பாய், ஆம்பூர்ல உக்காந்துக்கிட்டு ரப்பரைத் தேடுறியே!" உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு எல்லாவற்றுக்கும் தோல்தான் மருந்து. கட்டில் ஆடினால் தோல், கதவு அடித்துக்கொண்டால் தோல், என் மிக்ஸி ஆடினாலும் அடியில் தோல். ஷூவின் அடித்தோலை வட்டவட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அவரே ஸ்பேனர் பிடித்து மாட்டினார். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சொன்னால் நம்பமாட்டாய், லொடலொட நின்றுவிட்டது! நான் மகிழ்ந்துபோய் அடுத்த ஞாயிறே, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, எங்கள் வாகனத்தில் நெடுநாளாக இருந்த ஒரு குறை நீங்கியது, ஸ்தோத்திரம் என்று சபை முன்னால் சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். என்ன தைரியம் பார் எனக்கு! குறையை வைத்தவளே எழுந்து, குறை நீங்கியது என்று சாட்சி சொல்கிறேன். கர்த்தர் பொறுமையுள்ளவர், பதினொரு நாள் பொறுத்தார். பிறகு மழை பெய்தது. தோல் ஊறிப் பெருத்தது, வெயிலில் காய்ந்து ஓடாகிச் சுருங்கியது, லொடலொட திரும்பி வந்தது, கூடவே "கீ" என்று ஒரு புது சத்தமும். அதோடு தெருநாய்கள். ஈரத்தோல் வாசத்துக்கு நாலு நாய்கள் காருக்கடியிலேயே குடியேறிவிட்டன. "செக்யூரிட்டிக்கு வருதுங்க" என்றார் அப்பா. ஒருநாள் காலை அதில் ஒன்று, வாயில் வட்டமாக எதையோ கவ்விக்கொண்டு, மிகவும் திருப்தியாகத் தெருமுனை நோக்கிப் போனது. அது நம் இடது பக்கத்து வாஷர். கோயிலில், "அக்கா, கார் எப்படி இருக்குது?" என்று கேட்டவர்களுக்கு, "ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இப்படி இழுத்துக்கொண்டே போனதுதான் செவ்வாய்க்கிழமை வந்து நின்றது. முதல் ஓலை வாசித்தாயிற்று. இனிமேலும் அந்தக் காரை அப்படியே விடக்கூடாது என்று அப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனேன். அவன் ஏறுகிறானோ இல்லையோ, சக்கரம் ஒழுங்காக இருக்கட்டும் என்றேன். பாய் காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். லேசாக ஆடியது. முகம் சுருங்கியது. நான் நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நோட்டு இல்ல, ஈசிஜி" என்றார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். "முதல் வரி இன்னா காலியா இருக்குது?"

நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன்.

"எப்போ ஆரம்பிச்சுச்சு, அடி எப்படி விழுந்துச்சு, அது தெரிஞ்சா பேஜார் கம்மி அக்கா. நேரா விழுந்தா ஒண்ணு போகும், பக்கவாட்டுல மோதினா வேற போகும். தெரியலன்னா எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும்."

"எம்பையன் பண்ணது பாய்" என்றார் அப்பா. "கேட்டா வாயைத் தொறக்க மாட்டான்."

சாமு, அந்த ஒரு வார்த்தைதான். நீ இல்லாத இடத்தில், உனக்காகப் பேச யாருமில்லாத இடத்தில், ஒரு மெக்கானிக் முன்னால் உன் பெயர் அப்படி விழுந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது:

"பாய், இடது சக்கரம் மட்டுந்தான் விழுந்துச்சு. வலது ரோட்டு மேலயே இருந்துச்சு. தண்ணி நின்னதால பள்ளம் தெரியல. செகண்ட் கியர், ஹாஃப் கிளட்ச்சுல வரும்போது, விழுறது தெரிஞ்சதும் பிரேக்குல ஒரே மிதி. சக்கரம் சுத்தாம அப்படியே போய் எதிர் விளிம்புல மோதுச்சு."

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அக்கா, பக்கத்துல உக்காந்து வந்தவங்க பள்ளத்தைப் பத்திச் சொல்வாங்க. ஹாஃப் கிளட்ச்சைப் பத்தி ஓட்டினவங்கதான் சொல்வாங்க."

"இன்னா சொல்றா?" என்றார் அப்பா, பாயைப் பார்த்து. இப்போதெல்லாம் பெண்குரல் அவர் காதில் ஏறுவதில்லை. கம்ப்ரஸர் ஓடுகிற இடத்தில் என் குரல் அவருக்குக் கொசு. பாயின் கட்டைக் குரல் மட்டும் கேட்கும். ஆக, முப்பத்தோரு வருஷம் வாழ்ந்த புருஷனிடம் என் பாவத்தை அறிக்கையிட எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

"பாய், நான்தான் ஓட்டினேன்னு சொல்லுங்க."

"சார், அக்கா இன்னா சொல்றாங்கன்னா, அந்தப் பள்ளம் ரொம்ப ஆழமாம்."

"பாய்!"

"அன்னிக்கு மழையும் ஜாஸ்தி சார்."

"பாய், நான் சொன்னதைச் சொல்லுங்க. நல்லா இருப்பீங்க."

பாய் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், காரைப் பள்ளத்துல விட்டது பையன் இல்ல. அக்கா."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்கா சார்."

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே மேலே நின்றுவிட்டது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவளா? இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது பாய்!"

"சைக்கிள் தெரியாது, கார் தெரியும்!" என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் நம்பவில்லை. நம்ப வைத்தது பாய்தான். யாராவது காரை ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் எடுத்து எடுத்து பிரேக் போட வேண்டும், பாய் குனிந்து பார்க்க வேண்டும். முதலில் அப்பா உட்கார்ந்தார். இன்ஜின் ஓடும்போது "போதும்" என்று பாய் கத்தியது கேட்காமல், டூல்ஸ் தட்டின் மேலேயே ஏற்றிவிட்டார். "சார், கால் தப்பிச்சுச்சு, போதும், இறங்குங்க" என்று பாய் கும்பிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கர்த்தாவே என்று சொல்லி ஏறினேன். ஃபர்ஸ்ட், பிரேக். ரிவர்ஸ், பிரேக். "டொக்." "டொக்." இன்ஜின் ஒருதடவையும் நிற்கவில்லை. "அந்தா! சார், இங்க வந்து பாருங்க" என்று பாய் கூப்பிட்டார். அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை, லோயர் ஆர்ம் என்கிறார்கள், அது நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் குதித்தது. அதன் வேரில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. நுனியில் இருக்கும் பந்து மாதிரியான மூட்டும் தளர்ந்திருந்தது. இப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் சக்கரம் மடங்கியிருக்கும் என்றார் பாய். நான் வாய் திறக்காத இரண்டு வருஷமும் அப்பாவும் நானும் அதன் மேல்தான் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறோம்.

காதால் ஒருநாளும் கேட்காத சத்தத்தை அப்பா அன்றைக்குக் கண்ணால் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு வருஷமா இது இப்படித்தான் அடிச்சுக்கிச்சா பாய்?" "ஆமா சார்." "நான் இல்லன்னு சொன்னேன்." அப்புறம், "பையன் கரெக்டா சொல்லியிருக்கான். லெஃப்ட்டுன்னு கரெக்டா சொன்னான்" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "ரிவர்ஸ் நல்லாத்தான் எடுக்கிற" என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். இரண்டு டீயோடு வந்தார். என் டீயில் சர்க்கரை போடச் சொல்ல மறந்துவிட்டார். அதுதான் எனக்குத் தண்டனை என்று குடித்துவிட்டேன்.

லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் புதுசு, லிங்க் ராடு இரண்டும் புதுசு, எல்லாம் ரப்பரோடு. மிச்சமிருந்த தோல் வாஷர்களை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. மாட்டும்போது பாய் ஒரு வேலை செய்தார். எல்லா நட்டையும் முறுக்கினவர், அந்தப் புஷ் இருக்கும் இடத்து போல்ட்டை மட்டும் லூசாக விட்டுவிட்டு, ஜாக்கியை இறக்கிக் காரைத் தரையில் நிறுத்தினார். அப்புறம் கீழே ஊர்ந்து போய் அதை முறுக்கினார். மறந்துட்டீங்களா பாய் என்றேன். "இல்லக்கா. சக்கரம் காத்துல தொங்குறப்ப இதை முறுக்கினா, வண்டி எறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும். தரையில நின்னு, எடை ஏறினப்புறம்தான் முறுக்கணும்." இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடும் போட்டேன். உனக்குக் கல்யாண புத்தி சொல்ல எத்தனையோ பேர் வருவார்கள். நான் சொல்வது இதுதான். நீயும் மெர்சியும் ஒரு விஷயத்தை முடிவு பண்ணும்போது, கோபத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் முறுக்காதீர்கள். இறங்கி, தரையில் நின்று, அந்த வீட்டு எடை உங்கள் இருவர் மேலும் ஏறின பிறகு முறுக்குங்கள்.

இன்னொன்று. அவள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்னால், எனக்குக் கேட்கவில்லையே என்று ஒருநாளும் சொல்லாதே. எந்தப் பக்கம் என்று கேள். நர்ஸ் வேலை பார்க்கிறவள், உன்னைவிட நன்றாகவே கேட்கும். அவளுக்கும் இதைப் படித்துக் காட்டு: தவறு செய்தால் காபிக்கு முன்னாலேயே சொல்லிவிடு மகளே. காபிக்கு அப்புறம் என்று ஒரு நேரம் இந்த உலகத்தில் இல்லை. நான் அவனுக்கு அனுப்பிய பூண்டு ஊறுகாயே அதற்கு அத்தாட்சி.

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து மூடியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நட்சத்திரத்துக்கு அடியிலயா வெச்சிருந்தே?" என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் யார் உனக்குச் சொல்வது என்று சண்டை. பள்ளத்தில் விட்டவள் நீ, நீ சொல்லு என்றார். திட்டினவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் நான் எழுதுவது, அதில் அவருக்கு ஒரு வரி என்று முடிவாயிற்று. அவர் சொன்ன வரியை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஆயில் மாத்தி வெச்சிருக்கேன்." மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "டயர்ல காத்தும் பாத்துட்டேன்னு சேத்துக்கோ" என்றார். சேர்த்துவிட்டேன்.

என் மன்னிப்பை நானே கேட்கிறேன், நேராக, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல். என்னை மன்னித்துவிடு கண்ணு. நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சத்தக் கணக்கின் முதல் வரியை இன்றைக்குப் பூர்த்தி செய்துவிட்டேன்: இடம், பஜார் ரோட்டுப் பள்ளம், வேகம், தக்காளிக்குப் போகிற வேகம், ஓட்டியவர், அம்மா. நோட்டை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது, கார் உன்னுடையதானால்.

மூன்றாம் ஓலைக்கு நீ அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் வருகிறாய். ஸ்டேஷனில் ஆட்டோ தேடாதே. வெளியே வெள்ளைக் கார் நிற்கும், இடது முன்சக்கரத்தில் மூடியோடு. கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருக்கும்; ஆமாம், இந்த முறை ஒழுங்காக எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். நான் ஸ்டீரிங்கில் இருப்பேன், லைசென்ஸ் வைத்திருக்கிற அப்பா பக்கத்தில் இருப்பார். நீ ஏறினால் பின்னால் உட்கார்ந்துகொள். வழியில் முன்பக்கம் இடது ஓரத்திலிருந்து, "பிரேக் போடு, ஹாரன் அடி, பையன் இளைச்சுட்டான், பார்த்து, பார்த்து" என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். பயப்படாதே, கார் சரியாகிவிட்டது. அது உன் அப்பா. இரண்டு வருஷமாக வராத சத்தம் அது. அன்வர் பாயிடம் காட்ட வேண்டாம், வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வா.

உனக்காக ஜெபிக்கிற, இனி எல்லா ஸ்பீடு பிரேக்கருக்கும் வேகம் குறைக்கிற,
அம்மா